கொரோனா தடுப்பூசி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

2021-இல் எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் நடந்தபோது பெயர் பதிகிற மேசையில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். ஆதார் எண், செல்போன் எண், ஓடிபி, முந்தின தவணை எப்போது போட்டது என்று கேட்டுப் பதிவதுதான் வேலை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் சந்தேகத்தையெல்லாம் என்னிடம்தான் கொட்டினார்கள். டாக்டரிடம் கேட்கத் தயக்கம், செவிலியருக்கு நேரமில்லை, மேசையில் இருப்பது நம்ம தெரு ஆள்தானே என்கிற உரிமை.

முகாமெல்லாம் முடிந்த பிறகும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் அதே கேள்விகள் வருகின்றன. புதிதாகச் சிலவும் சேர்ந்துவிட்டன. நான் மருத்துவர் இல்லை. அன்றைக்கு முகாம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துச் சரிபார்த்ததையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்புக்கென்று தனிச் சிக்கல் இருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்குப் போட்டது கோவிஷீல்டா, கோவாக்சினா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சான்றிதழில் பெயர் இருக்கும். அது கையில் இல்லையென்றால் இரண்டு தவணைக்கும் நடுவே எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாதம் போல என்றால் அநேகமாகக் கோவாக்சின். மூன்று மாதம் காத்திருந்தால் கோவிஷீல்டு. 2021 மே மாதத்தில் கோவிஷீல்டின் இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள்.

கோவாக்சின் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரித்தது. கொரோனா வைரஸைச் சாகடித்து, அந்தச் செத்த வைரஸை உடம்புக்கு அடையாளம் காட்டுகிற முறை. நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியும் இதே வழிதான். கோவிஷீல்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கியது, புனேயில் சீரம் நிறுவனம் தயாரித்தது. அதில் உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றிய ஒரு சிம்பன்சி சளி வைரஸ், கொரோனாவின் மேல் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்துக்கான குறிப்பை மட்டும் சுமந்து வரும். இரண்டிலுமே கொரோனாவை வரவழைக்கக்கூடிய உயிருள்ள கொரோனா வைரஸ் கிடையாது.

ஊசி போட்டா கொரோனா வராதுன்னாங்க. ரெண்டு ஊசி போட்ட எனக்கே வந்துச்சே, அப்புறம் எதுக்குப் போட்டேன்?

"வராது" என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள். தொற்றை ஓரளவுக்குத்தான் அது தடுத்தது, 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது அதுவும் குறைந்தது. ஆனால் மூச்சுத்திணறி ஆக்சிஜன் படுக்கைக்கு அலைவதையும் சாவையும் அது நன்றாகவே தடுத்தது. இதை நமக்கு மிகத் தெளிவாகக் காட்டியது தமிழ்நாடு போலீஸ் கணக்கு. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் காவல்துறையின் பதிவுகளை வைத்து இதைப் பார்த்தது.

அப்போது நம் போலீஸில் 1,17,524 பேர். அவர்களில் 67,673 பேர் இரண்டு தவணையும், 32,792 பேர் ஒரு தவணையும் போட்டிருந்தார்கள். போடாதவர்கள் 17,059 பேர். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், கொரோனாவால் இறந்தவர்கள் 31 பேர். அவர்களில் 20 பேர் ஊசியே போடாதவர்கள், 7 பேர் ஒரு தவணை போட்டவர்கள், 4 பேர் இரண்டும் போட்டவர்கள். ஆட்களில் மிகச் சிறிய கூட்டம் போடாதவர்கள்தான், மிக அதிகச் சாவும் அவர்களிடம்தான். எல்லாரும் ஒரே ஊர்ச் சாலைகளில் ஒரே வேலை பார்த்தவர்கள். ஊசி எதற்கு என்று யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

காய்ச்சல் வந்து ரெண்டு நாள் கூலி போச்சு. அதை யார் குடுப்பா?

யாரும் கொடுக்கவில்லை. முகாமில் நான் கேட்டதிலேயே மிக நேர்மையான கேள்வி இதுதான். நிறையப் பேர் இதை வெளியே சொல்லாமல் "பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் அதைக் கேட்டு "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினார்கள். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கை தூக்க முடியாத இரண்டு நாள் என்றால் அடுப்பெரியாத இரண்டு நாள். அந்தக் கூலியை யாராவது ஈடு செய்திருந்தால் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்த வேண்டிய தேவை பாதியாகக் குறைந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் கோஷ்டி இதற்கு வழி கண்டுபிடித்தது. எல்லாரும் ஒரே நாளில் போடாமல் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டிரண்டு பேராகப் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு காய்ச்சலோடு போய்விடும், சைட்டில் வேலையும் நிற்காது. புருஷன் பெண்டாட்டி ஒரே நாளில் போட வேண்டாம் என்பதும் அவர்கள் வகுத்த விதிதான், ஒருவராவது குழந்தைக்குச் சோறாக்க வேண்டும். காய்ச்சலும் கைவலியும் உடம்பு வேலை செய்வதன் அடையாளம், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், பாரசிட்டமால் போதும். காய்ச்சலே வராதவர்களுக்கும் ஊசி வேலை செய்தது, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

கறி சாப்பிட்டா, சரக்கு அடிச்சா ஊசி போடக்கூடாதாமே?

கறி சாப்பிடலாம். ஒரு தடையும் இல்லை. குடிப்பது ஊசியின் பலனைக் கெடுத்துவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் போதையில் வந்தவருக்கு மயக்கம் வந்தால் அது ஊசியாலா சாராயத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முகாமில் அவர்களை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை என்றாலே பலர் வராமல் போனார்கள். மாநிலம் முழுக்க ஒரே நாளில் நடத்திய மெகா முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கிழமைக்கு அரசு மாற்றியதற்கு இதையே ஒரு காரணமாகச் சொன்னார்கள். மக்களோடு வாதாடாமல் கிழமையை மாற்றியது புத்திசாலித்தனமான காரியம்.

விவேக் சார் ஊசி போட்ட மறுநாளே விழுந்துட்டாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். ஏழைகள் வருகிற அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு, எல்லாரும் தைரியமாகப் போடுங்கள் என்று பேட்டியும் கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலையில் இறந்துபோனார். அந்த வாரம் எங்கள் முகாமில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பயந்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அத்தனை பேருக்கும் பிடித்த மனிதர், மரம் நடச் சொல்லி ஊர் ஊராகப் போனவர், நம் கண் முன்னாலேயே போய்விட்டார்.

இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அப்படி ஒரு அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை என்பதும் அவர்கள் தந்த விளக்கம். பிறகு ஊசிக்குப் பிந்திய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு இதைத் தனியாக விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவை என்று 2021 அக்டோபரில் முடிவு சொன்னது. மரணச் செய்தி ஒரே காலையில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. விசாரணை முடிவு ஆறு மாதம் கழித்து வந்தது, அதைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். இந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த இடைவெளிதான்.

பத்து வருஷம் ஆகிற மருந்தை ஒரே வருஷத்துல எப்படிக் கொண்டு வந்தாங்க? நம்மளை வச்சு சோதனை பண்ணினாங்களா?

வேகத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆக்ஸ்போர்டு குழு கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த மெர்ஸ் நோய்க்கு அதே முறையில் முன்பே ஊசி தயாரித்துப் பார்த்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் பரிசோதனைக் கட்டங்களை இந்த முறை ஒன்றோடொன்று சேர்த்து நடத்தினார்கள். ஊரெங்கும் நோய் இருந்ததால் பலன் இருக்கிறதா இல்லையா என்பதும் சீக்கிரம் தெரிந்தது. முடிவு வருவதற்கு முன்பே பணத்தைப் போட்டு உற்பத்தியைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் கோவாக்சின் விஷயத்தில் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2021 ஜனவரி 3 அன்று அவசர அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வந்திருக்கவில்லை. மருத்துவர்களிலேயே பலர் அப்போது இதை எதிர்த்துப் பேசினார்கள். ஜூலையில்தான் 77.8 சதவீதப் பலன் என்று முடிவு வெளியானது, நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஊசி நல்லதாகவே அமைந்தது. அதற்காக, ஜனவரியில் கேள்வி கேட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவர்கள் கேட்டது சரியான கேள்வி.

குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுக்குப் போடலாமா?

போலியோ சொட்டு மருந்தின் மேலும் இதே பழியைப் போட்டார்கள். கோவிஷீல்டோ கோவாக்சினோ கருத்தரிப்பதைத் தடுத்ததாக எந்த ஆதாரமும் இல்லை. 2021 ஜூலையில் கர்ப்பிணிகளும் போடலாம் என்று அறிவித்தார்கள், ஏனென்றால் கர்ப்பத்தில் கொரோனா வந்தால் ஆபத்து கூடுதல்.

மாதவிலக்கு தள்ளிப்போனது என்று பல பெண்கள் சொன்னது மட்டும் கற்பனை இல்லை. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் சுழற்சி சராசரியாக ஒரு நாள் போல நீண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது தெரிந்தது. முதலில் இதைக் கேட்டவர்களிடம் "அதெல்லாம் ஒண்ணுமில்ல போம்மா" என்று சொல்லி அனுப்பியது பெரிய தப்பு. ஒரு உண்மையை மறுத்துவிட்டால் அடுத்து நாம் சொல்கிற எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

எங்க அம்மா "நான் வெளியவே போறதில்லை, இனிமே எனக்கெதுக்கு"ன்னு பிடிவாதமா இருந்தாங்க. இப்படிப்பட்டவங்ககிட்ட எப்படிப் பேசறது?

வெளியே போகாத முதியவர்களுக்கு வெளியே போய் வருகிற பிள்ளைகள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள். இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் பெரும்பாலும் அவர்கள் வாயால் சொல்கிற காரணம் ஒன்றாகவும் மனதில் இருப்பது வேறாகவும் இருக்கும். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டி இருந்தார். மகன் தினமும் செல்போனில் புள்ளிவிவரம் காட்டிச் சண்டை போடுவார், பாட்டி நகரவே மாட்டார். ஒருநாள் சுகாதாரச் செவிலியர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "என்ன பாட்டி பயம், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். பாட்டி நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னது இதுதான்: "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பேத்தியை யாரு பாப்பா?" தாயில்லாத பிள்ளை, மகனுக்கு நைட் ஷிப்ட். செவிலியர் வாதாடவில்லை. பேத்தியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருவரையும் பக்கத்திலேயே உட்கார வைத்தார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தும் பார்த்தார். பாட்டி இரண்டாம் தவணைக்குத் தானாகவே வந்து நின்றார்.

பிரியாணி, பரிசுன்னு ஆசை காட்டியும், டாஸ்மாக்ல சரக்கு இல்லைன்னு மிரட்டியும் போட வச்சாங்களே, அது சரியா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கோவளத்தில் ஊசி போட்டவர்களுக்குத் தொண்டு அமைப்புகள் பிரியாணி கொடுத்தன, குலுக்கலில் பரிசும் அறிவித்தன. தயங்கி நின்ற மீனவ ஊர் வரிசைக்கு வந்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாள் கூலி போகிறது என்று மேலே சொன்னேனே, அந்த ஆளுக்கு ஒருவேளைச் சாப்பாடு மரியாதைதான். 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் 20 லட்சம் பேர் இலக்கு, 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். 40,000 இடங்களில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஊசி கிடைத்ததுதான் அதற்குக் காரணம். மறுத்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த பலர் உண்மையில் தூரத்தால் வராதவர்கள்.

நீலகிரியில் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் மது என்று 2021-இல் அறிவித்தார்கள். மது கிடைக்காததால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை என்று அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் "ஊசி போடலைன்னா ரேஷன் கட்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி எந்த உத்தரவும் எங்கள் கடைக்கு வரவில்லை, ஆனாலும் அதைக் கேட்டுப் பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்தேன். அரிசியைக் காட்டிக் கையை நீட்ட வைப்பதை என்னால் ஏற்க முடியாது. அப்படி வந்தவர்கள்தான் இன்றும் ஊசியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டப்படி கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு, யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்தக் கூடாது. கூடவே, மற்றவர்களின் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் அவை சூழ்நிலைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். தொற்று குறைந்திருந்த அந்த நேரத்தில், போடாதவர்களைப் பொது இடங்களில் தடுக்கும் உத்தரவுகள் அளவுக்கு மீறியவை என்று கருதியது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமானதுதான் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. வாட்ஸ்அப்பில் இதில் பாதியை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள்.

2024-ல அந்தக் கம்பெனியே ரத்தம் உறையும்னு கோர்ட்டுல ஒத்துக்கிச்சே! எனக்கும் வருமா?

கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக, ரத்தம் உறைவதோடு, ரத்தத்தை உறைய வைக்க உதவும் தட்டணுக்களும் குறைகிற ஒரு பாதிப்பு வருவது உண்மை. அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இது 2024-இல் கண்டுபிடித்ததில்லை. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் அறிவித்துவிட்டார்கள், பிரிட்டனில் முதலில் 30 வயதுக்குக் கீழும் பிறகு 40 வயதுக்குக் கீழும் உள்ளவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னார்கள். மேலே சொன்ன நம் தேசியக் குழுவும் 2021 மே மாதத்தில் 10 லட்சம் தவணைக்கு 0.61 பேருக்கு என்ற கணக்கை வெளியிட்டது. 2024-இல் நடந்தது, லண்டன் வழக்கில் அஸ்ட்ராஜெனகா நிறுவனம் கொடுத்த ஆவணம் செய்தியானதுதான்.

இந்தப் பாதிப்பு வருவதாக இருந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்துவிடும். ஆண்டுகள் கழித்து வருவதில்லை. நீங்கள் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். நம் நாட்டில் இந்த அரிய பாதிப்பைப் பற்றி ஊசி போடும் இடத்திலேயே ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கடும் தலைவலி, கால் வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே வாருங்கள் என்று இரண்டு வரி போதும். எங்கள் முகாமில் அது இல்லை.

சின்ன வயசுப் பசங்க ஜிம்ல, டான்ஸ் ஆடும்போது விழுந்து சாகறாங்களே, ஊசிதானே காரணம்?

இதையும் ஆராய்ந்தார்கள். திடீரென இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்களைப் பற்றி 47 மருத்துவமனைகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு தவணை போட்டவர்களிடம் ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: முன்பு கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தின இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தது அல்லது கடுமையாக உடலை வருத்தியது.

கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற உங்கள் உறவினர்கள் "இதயத் தசை வீக்கம்" என்று சொல்வது வேறு ஊசிகளைப் பற்றியது. பைசர், மாடர்னா போட்ட இளைஞர்களில் அரிதாக அது வந்தது. அந்த இரண்டும் நம் நாட்டு முகாம்களில் போடப்படவே இல்லை.

என் தம்பி ஊசியே போடலை, நல்லாத்தான் இருக்கான். அவன் எடுத்த முடிவு சரிதானே?

மேலே சொன்ன போலீஸ் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஊசி போடாத 17,059 பேரில் அந்த மாதத்தில் இறந்தவர்கள் 20 பேர். மீதி 17,039 பேர் பிழைத்தார்கள், உங்கள் தம்பியும் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருவர். போடாதவர்கள் எல்லாரும் செத்துப்போவார்கள் என்று யாராவது மிரட்டியிருந்தால் அது பொய். ஆனால் ஊசி போட்டிருந்தால் அந்த 20 பேரில் பெரும்பாலானவர்கள் இன்று வீட்டில் இருந்திருப்பார்கள் என்பதும் அதே கணக்கு சொல்வதுதான். தாங்கள் அந்த 20-இல் வருவோமா 17,039-இல் வருவோமா என்று அவர்கள் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இப்போது அவரோடு சண்டை போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அவர் சொல்வதைக் கேட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் மற்ற ஊசிகளைத் தவிர்க்காமல் இருந்தால் போதும்.

இந்தப் பயமெல்லாம் வாட்ஸ்அப் வந்ததால தானே?

வாட்ஸ்அப் வேகத்தைக் கூட்டியது. பயம் அதைவிடப் பழையது. காசநோய்க்கான பிசிஜி ஊசியை 1955-இல் மிகக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. அதற்கு முந்தின ஆண்டுவரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், படிப்பறிவில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வதந்தி பரவி, பெற்றோர்கள் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் லீவு போட வைத்தார்கள். முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நன்றாக இருக்கிற உடம்பில் ஊசி குத்துகிறோம், அதனால் இந்தச் சந்தேகம் ஒவ்வொரு முறையும் வரத்தான் செய்யும். அடுத்த முறையும் வரும் என்று எதிர்பார்த்துப் பதிலோடு போக வேண்டும்.

கொரோனா ஊசியில ஏமாந்த மாதிரி இருக்கு. இனிமே என் குழந்தைக்கும் எந்த ஊசியும் போடலைன்னு முடிவு பண்ணியிருக்கேன். தப்பா?

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. கட்டாயத்தால் போட்டிருக்கலாம், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்தைக் குழந்தையின் ஊசிகள்மேல் காட்டாதீர்கள். அவை பல பத்தாண்டுகளாகப் போட்டுப் பார்த்தவை. போலியோ சொட்டு மருந்தால்தான் நம் நாட்டில் 2011-க்குப் பிறகு காட்டு வகை போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ, யாருக்கும் வரவில்லை. தட்டம்மை இன்னும் போகவில்லை, ஊசி போடாத குழந்தைகளைத் தேடி வருகிறது.

பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை பி ஊசி. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா, ஒன்றரை வயது வாக்கில் மறுபடியும். தேதி தவறிவிட்டது என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், விட்ட இடத்திலிருந்து போட முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் புதன்கிழமை தடுப்பூசி நாள், இலவசம். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், தொலைந்துவிட்டால் அட்டை இல்லாமலும் போங்கள். செவிலியரிடம் உங்கள் சந்தேகத்தையெல்லாம் கேளுங்கள், பதில் வரும்வரை குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்காருங்கள்.